தாத்தா பாட்டியோடு டிஸ்னி வேர்ல்டு: எந்த ஹோட்டல் எடுப்பது?

ஆஸ்டினிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜூன் இரண்டாம் வாரம் ஒர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம், ஐந்து இரவு. நான், கணவர், எட்டு வயது மகள், இரண்டரை வயது மகன், அப்புறம் திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் அப்பா அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். கிஸ்ஸிமியில் நீச்சல் குளத்தோடு தனி வீடு எடுத்தால் செலவு பாதியாகும் என்கிறார் கணவர். மோனோரயில் போகிற ஹோட்டல்தான் வசதி என்கிறாள் தோழி. எதைத்தான் எடுப்பது?"

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது. அப்பாவின் முழங்காலும் பையனின் மதியத் தூக்கமும்தான் உங்கள் ஹோட்டலைத் தீர்மானிக்க வேண்டும், விலையெல்லாம் அதற்கு அப்புறம். ஜூனில் ஃப்ளோரிடாவில் காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தும், மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்ளும், பெரும்பாலான நாட்கள் இப்படித்தான். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்பிப் போய், பன்னிரண்டு ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி போவதுதான் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும். குடும்பங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும்போது நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: நடுப்பகலில் பார்க்கை விட்டுக் கிளம்பினால் கட்டிலில் சாய எவ்வளவு நேரம் ஆகும், அதில் எவ்வளவு நடை?

இது ஏன் பெரிய விஷயம் என்றால், டிஸ்னி வேர்ல்டு ஒரே இடம் அல்ல. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பார்க்குகள், இரண்டு நீர் விளையாட்டுப் பூங்காக்கள், இருபதுக்கு மேல் ஹோட்டல்கள், எல்லாம் சேர்த்து சுமார் 100 சதுர கிலோமீட்டர். திருச்சி மாநகராட்சிப் பரப்பில் பாதிக்கு மேல் வரும். "டிஸ்னிக்குப் பக்கத்தில்" என்று ஒரு ஹோட்டல் விளம்பரம் செய்தால், எந்த பார்க்குக்குப் பக்கம் என்று கேளுங்கள்.

உங்கள் கணவர் சொல்வது தப்பில்லை. டிஸ்னிக்கு வெளியே கிஸ்ஸிமி, டேவன்போர்ட் ஊர்கள் பக்கம் மூன்று படுக்கையறை வீடு, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், பின்னால் குளம், இதெல்லாம் டிஸ்னி ஹோட்டல் விலையில் பாதிக்குக் கிடைக்கும், அம்மா நிம்மதியாக ரசம் வைத்து சாதம் வடிக்கலாம். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையோடு துப்புரவுக் கட்டணத்தையும் வரியையும் வாடகைக் காரையும் பார்க்கில் கார் நிறுத்த நாளுக்கு 30 டாலருக்குக் குறையாத கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியம் மேஜிக் கிங்டம். அங்கே காரில் போகிறவர்கள் வாசலில் போய் இறங்க முடியாது. ஏரிக்கு இந்தக் கரையில் காரை நிறுத்த வேண்டும், நிறுத்துமிடத்திலிருந்து டிராமிலோ நடந்தோ போக்குவரத்து மையத்துக்கு வர வேண்டும், பையைச் சோதிப்பார்கள், அப்புறம் படகோ மோனோரயிலோ பிடித்து அக்கரை போக வேண்டும். மதியம் ஒரு மணி வெயிலில், தோளில் தூங்குகிற பிள்ளையோடும் கால் வலிக்கிற அப்பாவோடும் இதே வழியில் திரும்பி, காரைத் தேடி, கிஸ்ஸிமி நெரிசலில் ஓட்டி வீட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதற்கப்புறம் சாயங்காலம் மறுபடி கிளம்பப் பெரும்பாலும் யாருக்கும் மனசு வராது, அன்றைய டிக்கெட்டில் பாதி வீண். டிஸ்னி ஹோட்டல்களின் பேருந்து அப்படி இல்லை, நேராக மேஜிக் கிங்டம் வாசல் பக்கமே கொண்டுபோய் விடுகிறது.

பத்துப் பேராக இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறீர்கள், மதியம் திரும்புகிற எண்ணமே இல்லை, இரண்டு நாள் மட்டும்தான் பார்க் என்றால் நானே தனி வீடு எடுக்கச் சொல்வேன். உங்களுக்கு அது சரிவராது.

தோழி சொல்கிற, மேஜிக் கிங்டம் போகும் மோனோரயில் நிற்கிற ஹோட்டல்கள் மூன்று: கன்டெம்பரரி, பாலினீஷியன், கிராண்ட் ஃப்ளோரிடியன். முதல் இரண்டும் 1971-இல் மேஜிக் கிங்டத்தோடு சேர்ந்தே திறந்தவை. வசதியைப் பொறுத்தவரை இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை, கன்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். ஆனால் ஜூனில் வரியோடு ஒரு இரவுக்கு 600 டாலரைத் தாண்டும், அந்தப் பணத்துக்கும் ஒரே அறை, ஒரே குளியலறை. நான்கு பெரியவர்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிற வீட்டில் ஒரே குளியலறை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதுவும் மேஜிக் கிங்டத்தில் இரண்டு மூன்று நாள் செலவழிப்பவர்களுக்குத்தான் இந்த இடம் முழுதாகப் பயன்படும்.

டிஸ்னியின் நடு விலை ஹோட்டல்களில் ஒரு பொறி இருக்கிறது. போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைடில் அலிகேட்டர் பாயூ என்ற பகுதியில் ஐந்து பேருக்கான அறை உண்டு, மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை தொட்டிலில் படுத்தால் கணக்கில் வராது. ஆகக் காகிதத்தில் உங்கள் குடும்பம் சரியாகப் பொருந்தும். போய்ப் பார்த்தால் ஐந்தாவது கட்டில் ஒரு சின்னப் பிள்ளைக்கு மட்டும் போதுகிற இழுப்புக் கட்டில், அந்தக் கட்டடங்கள் மாடி வைத்தவை, லிஃப்ட் கிடையாது. கரீபியன் பீச்சிலும் இதே கதைதான், இரண்டு மாடி, லிஃப்ட் இல்லை, ஏரியைச் சுற்றிப் பரந்து கிடப்பதால் சாப்பாட்டுக் கூடத்துக்கே ஒரு நடை நடக்க வேண்டும். அழகான இடங்கள்தான், இரண்டு பேராகப் போனால் ரசிக்கலாம். அப்பாவை அங்கே கொண்டுபோய் மாடிப்படி ஏற்ற வேண்டாம்.

சரி, என் தேர்வுக்கு வருகிறேன். பாப் செஞ்சுரியில் நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகள் எடுங்கள். இது டிஸ்னியின் மலிவு விலைப் பிரிவு ஹோட்டல், ஜூனில் ஒரு அறை ஓர் இரவுக்குப் பெரும்பாலும் 200-க்கும் 300 டாலருக்கும் இடையில் வரும், வரி 12.5 சதவீதம் தனி. ரிசார்ட் கட்டணம் என்று தனியாக ஒன்று கிடையாது, தங்குபவர்களுக்கு ஹோட்டலிலும் பார்க்குகளிலும் பார்க்கிங் இலவசம்.

ஏன் இரண்டு அறை? பாப் செஞ்சுரி அறையில் ஒரு பெரிய கட்டில் நிலையாக இருக்கும். இரண்டாவது கட்டில் சுவரோடு மடிந்திருக்கும், மடித்த நிலையில் அது ஒரு மேசை. நான்கு பேர் ஒரே அறையில் இருந்தால் தூங்கும் நேரத்தில் மேசை போய்விடும், சாப்பிடும் நேரத்தில் கட்டில் போய்விடும், மதியம் ஒருவர் படுத்திருக்க ஒருவர் சாப்பிட வழியில்லை. உங்கள் கணக்கில் அப்பா அம்மா அறையில் நிலைக் கட்டிலே போதும், மேசை ஐந்து நாளும் மேசையாகவே இருக்கும், எல்லாருக்கும் சாப்பாட்டு இடம் அதுதான். உங்கள் அறையில் நீங்கள் இருவரும் பெரிய கட்டிலில், மகள் இழுத்துப் போட்ட கட்டிலில், பையன் ஹோட்டல் தருகிற தொட்டிலில். இரண்டு குளியலறை, இரண்டு ஃபிரிட்ஜ். அப்புறம் ஏசி, இதை யாரும் யோசிப்பதில்லை. உங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த குளிரில் திருச்சிக்காரர்கள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார்கள், தனி அறை என்றால் அவரவர் விருப்பம்.

பக்கத்திலேயே ஆர்ட் ஆஃப் அனிமேஷன் இருக்கிறது, அங்கே ஆறு பேருக்கான குடும்ப சூட் கிடைக்கும், தனிப் படுக்கையறை, இரண்டு குளியலறை, மைக்ரோவேவ், சின்ன சிங்க். விலை அநேகமாக இரண்டு பாப் அறைகளைத் தாண்டிவிடும், படுக்கையறையை அப்பா அம்மாவுக்குக் கொடுத்தால் நீங்களும் கணவரும் வெளியே சோபாக் கட்டிலிலோ மடக்குக் கட்டிலிலோ படுக்க வேண்டியிருக்கும். சலுகையில் இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் மைக்ரோவேவுக்காக இதை எடுக்கலாம்.

இந்த இரண்டு ஹோட்டலையும் நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் ஸ்கைலைனர். 2019-இல் வந்த கம்பிவட வண்டி, பழனி மலை ரோப் கார் மாதிரி, ஆனால் ஒரு பெட்டியில் பத்துப் பேர் வரை உட்காரலாம். இரண்டு ஹோட்டலுக்கும் நடுவில் இருக்கும் ஏரிப் பாலத்தில் நிலையம். அங்கே ஏறி கரீபியன் பீச்சில் மாறினால் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் வாசல், இன்னொரு தடத்தில் எப்காட்டின் பின்வாசல். பையனின் ஸ்டிரோலரை, அதாவது தள்ளுவண்டியை, மடிக்காமல் அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம், தூங்குகிற பையனை எழுப்ப வேண்டியதில்லை, பேருந்தில் இது முடியாது, மடித்தே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், நிலையத்தில் பெட்டி நிற்காது, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களுக்குப் பெட்டியை முழுதாக நிறுத்தி ஏற்றுகிற தனிப் பக்கம் உண்டு, அப்பாவுக்காக ஊழியரிடம் அந்தப் பக்கம் கேளுங்கள். மின்னல் அடித்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள், அப்போது பேருந்துதான். மேஜிக் கிங்டத்துக்கும் அனிமல் கிங்டத்துக்கும் எப்போதுமே பேருந்துதான்.

தனக்குச் சக்கர நாற்காலி வேண்டாம் என்று அப்பா சொல்வார், பிடிவாதமாகச் சொல்வார், இருந்தாலும் எடுங்கள். பார்க்குக்குள் வாடகைக்கு எடுப்பதை வெளியே கொண்டுபோக முடியாது, அதனால் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தருகிற வெளி நிறுவனத்திடம் ஐந்து நாளுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வாசலுக்கு வருவதற்குள் கால் ஓய்ந்துபோனால் அன்றைய நாளே முடிந்தது.

அம்மாவின் சாப்பாடு நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டம் இல்லை. பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. புளியோதரை, இட்லிப் பொடி தடவிய இட்லி, சப்பாத்தி எல்லாம் தாராளமாகக் கட்டிக்கொண்டு போகலாம். அறையில் அடுப்பு வைக்க முடியாது, பாப் செஞ்சுரி அறையில் மைக்ரோவேவும் இல்லை, கீழே ஃபுட் கோர்ட்டில் இருக்கிறது. ஆரஞ்சு பிளாசம் டிரெயில் சாலையில் இந்தியக் கடைகளும் உணவகங்களும் உண்டு, வந்து இறங்கும் அன்றே வழியில் வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுங்கள். ஒரு நாள் மட்டும் பார்க் வேண்டாம் என்று வைத்துக்கொண்டு அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்துக்குக் கூட்டிப்போங்கள். நான் ரொட்டி, குல்சா என்று ஐந்து வகையும் தொட்டுக்கொள்ள ஒன்பது வகையும் வரும், முட்டை இல்லாதது எது என்று பரிமாறுபவரிடம் கேட்டால் சமையலறையில் விசாரித்து வந்து சொல்வார்கள். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்ந்துகொண்டிருக்கும். அங்கே தங்காதவர்களும் போகலாம், 60 நாள் முன்பிருந்தே இடம் பதியலாம்.

டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் தினமும் எல்லா பார்க்கிலும் அரை மணி முன்னதாக உள்ளே போகலாம். கட்டண விரைவு வரிசையான லைட்னிங் லேனை 7 நாள் முன்பே பதியலாம், வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள்தான். அதை ஆறு பேருக்கும் வாங்காதீர்கள். உங்கள் இருவருக்கும் மகளுக்கும் போதும், பையனுக்கு மூன்று வயது ஆகாததால் டிக்கெட்டே தேவையில்லை. உயரம் போதாத பையனை ஒருவர் வைத்துக்கொண்டிருக்க மற்றவர் மகளோடு போய்வந்து மாறிக்கொள்ள ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாடு இலவசமாகவே இருக்கிறது.

ஒர்லாண்டோவின் இன்னொரு தீம் பார்க்கான யுனிவர்சல் பக்கம் போர்டஃபீனோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஹோட்டல்களில் தங்கினால் விரைவு வரிசைக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் கூடவே வரும் என்று யாராவது உங்களை இழுப்பார்கள். உண்மைதான், 2025 மே மாதம் அவர்கள் திறந்த புதுப் பார்க்கான எபிக் யுனிவர்ஸில் மட்டும் அது செல்லாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் அருமையான பேரம். உங்கள் ஆறு பேரில் பாதிப் பேர் அந்த ரைடுகளில் ஏறவே மாட்டீர்கள்.

பதிவு செய்யும்போது அறையை மட்டும் பதியுங்கள், டிக்கெட்டோடு சேர்ந்த பேக்கேஜ் வேண்டாம். அறை மட்டும் என்றால் முதலில் ஒரு இரவுப் பணம்தான் கட்ட வேண்டும், ஒரு வாரத்துக்கு முன் ரத்து செய்தாலும் முழுதாகத் திரும்பி வரும், பேக்கேஜுக்கு அந்தக் கெடு 30 நாள். இடையில் தள்ளுபடி அறிவித்தால் அழைத்து மாற்றிக்கொள்ளலாம், அதனால் மாதம் ஒரு முறை பாருங்கள். விமான நிலையத்திலிருந்து டிஸ்னி விட்டுக்கொண்டிருந்த இலவசப் பேருந்து 2022 தொடக்கத்தில் நின்றுவிட்டது, கட்டணப் பேருந்து உண்டு. டாக்சியோ ஊபரோ எடுத்தால் பையனுக்கு கார் சீட் வேண்டும், ஃப்ளோரிடாவில் ஐந்து வயது வரை அது சட்டம்.

இணையத்தில் இரண்டு அறை பதிந்தால் ஒன்று இந்தக் கோடியிலும் ஒன்று அந்தக் கோடியிலும் விழ வாய்ப்பு இருக்கிறது. ஆகவே தொலைபேசியில் அழைத்து மூன்றைக் கேளுங்கள்: நடுவில் கதவுள்ள அறைகள், தரைத்தளம் அல்லது லிஃப்டுக்குப் பக்கம், சாப்பாட்டுக் கூடத்துக்கு அருகில் இருக்கும் பிரிஃபர்டு பிரிவு. மூன்றாவதுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கேட்பார்கள், அப்பாவுக்காக அதைக் கொடுத்துவிடுங்கள். அறை கிடைப்பது மதியம் மூன்று மணிக்கு, முன்னாலேயே வந்துவிட்டால் பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு பிள்ளைகளைக் குளத்தில் இறக்கிவிடலாம், நீச்சலுடையை மட்டும் கைப்பையில் தனியாக வையுங்கள்.