தேனீப் பெட்டிக்கு ஆப் வேணுமா, நோட்டே போதுமா?

கேள்வி: 15 பெட்டி இத்தாலியத் தேனீ வச்சிருக்கேன் சார். திறந்து பார்த்ததை எல்லாம் நோட்டுல எழுதுறேன், ஆனா எந்தப் பெட்டில என்ன பார்த்தேன்னு தேடுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. மொபைல் ஆப்புக்கு மாறலாமா?

பதில்: 15 பெட்டின்னா தாராளமா மாறுங்க, ரெண்டு மூணுக்குன்னா நோட்டே போதும்னு சொல்லியிருப்பேன். ஆனா "நல்லா இருக்கு"ன்னு ஒரு டிக் அடிச்சுட்டு மூடுறதுக்கு எந்த ஆப்பும் வேணாம். கண்ணுல பட்டதை போடுங்க, எத்தனை தேனடைச் சட்டத்துல புழு இருக்கு, முட்டை தெரிஞ்சுதா, புது ராணியை வளர்க்க ராணி அறை கட்டியிருக்கா, தேன் மகரந்தம் எவ்வளவு. இதுல முட்டைதான் முக்கியம். 3 நாள்ல அது பொரிஞ்சிடும், அதனால தேனடை அறைக்குள்ள அடியில சின்ன நூல் துண்டு மாதிரி வெள்ளையா நிக்கிறதைப் பார்த்துட்டீங்கன்னா ராணியைத் தேடி சட்டம் சட்டமா புரட்ட வேணாம், கடைசி 3 நாளுக்குள்ள ராணி இருந்திருக்கு, அவ்ளோதான்.

ஆப்போட நிஜமான லாபம் ரிமைண்டர். முட்டை வச்சதிலிருந்து எட்டு ஒம்போது நாள்ல வேலைக்காரத் தேனீங்க ராணி அறையை மூடிடும், அனேகமா அந்த சமயத்துலதான் பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு கிளம்பும். அதனால கூட்டம் பிரியுற சீசன்ல 7 நாளுக்கு ஒருக்கா அலாரம் வைங்க. இன்னொண்ணு, ரெக்கார்டு பெட்டி நம்பர்ல இருக்கக்கூடாது, கூட்டத்து பேர்ல இருக்கணும். கூட்டத்தை வேற பெட்டிக்கு மாத்தினா அதோட கதையும் கூடவே போகணும் இல்லையா? இந்த வசதி இல்லாத ஆப்பை நான் தொடமாட்டேன். கையுறையில பிசின் ஒட்டிக்கிட்டு டச் ஸ்கிரீன் வேலை செய்யாது, வாய்ஸ்ல சொல்லிட்டு அன்னிக்கு சாயந்திரமே ஏத்திடுங்க.

கேள்வி: எடை, வெப்பநிலை சென்சார் வச்சா பெட்டியைத் திறக்கவே வேணாமாமே?

பதில்: விக்கிறவங்க அப்படித்தான் சொல்வாங்க. எடை ஒரேயடியா ஒண்ணு ரெண்டு கிலோ இறங்கினா கூட்டம் கிளம்பியிருக்கலாம், ஆனா அன்னிக்கு நீங்களே தேன் சட்டத்தை எடுத்திருந்தா அதையும் குறிச்சு வைக்கணும், இல்லேன்னா கிராஃப் உங்களை ஏமாத்திடும். புழு இருக்கிற இடத்துல சூடு 34, 35 டிகிரியில நிலையா நிக்கும், அது தடுமாற ஆரம்பிச்சா போய்ப் பாருங்க. தேனீ மேல ஒட்டி வாழுற வரோவா உண்ணியை மட்டும் இந்த சென்சார் எதுவும் எண்ணித் தராது. அரை கப் தேனீ, அதாவது சுமார் 300, ராணி அதுல இல்லைன்னு பார்த்துட்டு ஐசிங் சுகர்ல உருட்டி உதிர்ற உண்ணியை எண்ணுங்க. அந்த எண்ணை 3-ஆல வகுத்தா நூறு தேனீக்கு எத்தனைன்னு கிடைக்கும், மருந்து போடுறதுக்கு முன்னாடி ஒருக்கா, முடிஞ்சப்புறம் ஒருக்கா தேதியோட ஏத்துங்க. ரெண்டாவது எண் இறங்கலைன்னா மருந்தை மாத்தணும்.