குடும்பத்தோடு நுவரெலியா போகிறோம். விலங்கு, பறவை படம் எடுக்க எங்கே போகலாம், பெரிய லென்ஸ் வேண்டுமா?

பாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு வேன், கையில் 70-300 எம்.எம். லென்ஸ் ஒன்று. 600 எம்.எம். வாடகைக்கு எடுக்கலாமா, சிறுத்தை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஹட்டன் பக்கம். ஊர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன்.

வாடகை லென்ஸ் வேண்டாம். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளையின் கையையும் பிடிக்க முடியாது. சிறுத்தையையும் விட்டுவிடுங்கள். இருக்கிறது, தேயிலைத் தோட்டங்களுக்குள்ளேயே நடமாடுகிறது. ஆனால் இங்கே அதற்குப் பாடு பெரும்பாடு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. "அந்தியில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் பிள்ளைகளோடு பின்னால் போகாதீர்கள். சிறுத்தைதான் வேண்டுமென்றால் தெற்கே யால தேசியப் பூங்காவில் ஜீப் எடுங்கள்.

மலையகத்தில் படம் கிடைப்பதும் கிடைக்காததும் மூடுபனியின் கையில்தான். ஆகவே ஒரு விடியற்காலையை மட்டும் வீட்டாரிடம் கேட்டு வாங்கி, அதை ஹோர்டன் சமவெளிக்குக் கொடுங்கள். காலை ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் மூட்டம் ஏறிவிடும். அதற்குப் பிறகு போனால் வெள்ளைச் சுவரைத்தான் படம் எடுக்கலாம். வாசலில் பையைச் சோதிப்பார்கள், பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். பிஸ்கட், சாப்பாட்டை முதல்நாளே டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

முழுச் சுற்றும் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். பாட்டிக்கு அது ஆகாது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. மரைகள், அதாவது பெரிய மான்கள், மேய்வது பெரும்பாலும் பாதையோரப் புல்வெளியிலும் வாகனம் நிறுத்தும் இடத்துப் பக்கமும்தான். நீங்கள் நாலு கிலோமீற்றர் நடந்து பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வருவதற்குள், பாட்டி வேனில் இருந்தபடியே போனில் நல்ல மரைப் படம் எடுத்து வைத்திருக்கக்கூடும். 300 எம்.எம். இங்கே தாராளம். சில மரைகள் வாகனத்துக்கே வந்து மூக்கை நீட்டும். ஆட்கள் தீனி போட்டுப் பழக்கிய பழக்கம் அது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கொடுக்கவும் கூடாது, தொடவும் கூடாது.

மூடுபனியில் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெண்மை அதிகமாக இருப்பதால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். மூட்டமெல்லாம் அழுக்குச் சாம்பலாக விழும். கேமராவில் எக்ஸ்போஷர் அளவை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, +1 வரை ஏற்றினால் சரியாகும். வெளிறிய வானத்துக்கு எதிரே மரத்தில் உட்கார்ந்திருக்கிற மந்திக்கும் இதே வைத்தியம்தான், இல்லாவிட்டால் கரிக்கட்டையாகத் தெரியும்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஹக்கலைப் பூங்கா. எல்லாரும் ரோஜாவைப் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் பாசி படிந்த மரத்தடிகளைப் பாருங்கள். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு வைத்த ஓணான் ஒன்று இந்த மத்திய மலைகளில் மட்டும்தான் உண்டு. ஆண் ஓணானின் கொம்பு நன்றாக நீண்டிருக்கும். பாசியோடு பாசியாக ஒட்டி அசையாமல் இருப்பதால் பெரியவர்கள் கடந்து போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு அது கண் மட்டத்திலேயே இருக்கும். கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடமே விடுங்கள், பாதி நாள் சத்தமில்லாமல் ஓடும். படம் எடுக்கக் குந்தி, அதன் கண் உயரத்துக்கு லென்ஸைக் கொண்டுவாருங்கள். மேலே நின்று எடுத்தால் கொம்பு முகத்தோடு சேர்ந்து காணாமல் போகும், பக்கவாட்டில் எடுத்தால்தான் எடுப்பாகத் தெரியும். ஃபிளாஷ் வேண்டாம், கையால் திருப்பி வைக்கவும் வேண்டாம்.

பறவைக்கு நுவரெலியா நகரத்துக்குள்ளேயே விக்டோரியா பூங்கா இருக்கிறது. வலசைக் காலத்தில், அதாவது ஏறக்குறைய ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை, ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் எல்லாம் வரும். பிள்ளைகள் புல்லில் ஓடட்டும். நீங்கள் ஓடையோரம் நிழலில் போய் நில்லுங்கள். அங்கே வெளிச்சம் குறைவு, கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றத் தயங்காதீர்கள், ஷட்டர் வேகம் 1/500 வினாடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் பரவாயில்லை, குருவி ஆடிப்போனால்தான் படம் வீண். போகிற வழியில் பேராதனைப் பூங்காவில் இறங்கினால் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சூரியனுக்கு எதிரே ஒன்று பறக்கும்போது எடுத்தால் சிறகுச் சவ்வில் விரலெலும்புகூடத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்களை இயற்கைக் காட்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேனை நிறுத்தி, கேட்காமல் லென்ஸை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்களுக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது, குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று தமிழிலேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ரயிலில் வருவதாக இருந்தால் முதலில் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், மண்சரிவில் அடிக்கடி தடைபடும். ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது, கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும். இரண்டாம் வகுப்பே படத்துக்கு நல்லது. அப்புறம், குளிரிலிருந்து கண்டி, கொழும்புச் சூட்டுக்கு இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், லென்ஸில் ஈரம் பூத்துவிடும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள்.