அப்பாவின் அம்பாசடருக்கு எஃப்.சி.: புரோக்கருக்குக் கொடுக்கும் பணத்தை பிரேக்கில் போடுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1974 அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி. அப்பா காலமானதும் என் பெயருக்கு மாற்றிவிட்டேன். இரண்டு வருடமாக ஷெட்டில்தான் நிற்கிறது. ஆர்.சி. அடுத்த மாதம் முடிகிறது. இங்கே ஒரு புரோக்கர், "பழைய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும், 25,000 கொடுங்க, வண்டியைக் கொண்டுவரவே வேண்டாம்" என்கிறார். நண்பர் ஒருவரோ விண்டேஜ் வண்டியாகப் பதிந்துவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?
வாசகர், கல்லிடைக்குறிச்சி

அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, என்பது மஞ்சள் போர்டு வாடகை வண்டிக்கு, அதுவும் எட்டு வருடம் தாண்டிய பிறகு. உங்களுடையது ஓன் போர்டு, சொந்த உபயோக வண்டி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தால் போதும். படிவம் 25 போட வேண்டும். கெடு முடிய 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், அதனால் இன்றே ஆரம்பியுங்கள். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. முன்பு 5,000. கட்டணத்தை இரண்டு மடங்காக்கத் தெரிந்தவர்களுக்கு, வெயிலில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு கொட்டகை போடத் தோன்றவில்லை. பசுமை வரி தனி. எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. புரோக்கரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள்.

"கொண்டுவரவே வேண்டாம்" என்கிறாரே, அதுதான் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. என் ஒர்க்ஷாப்புக்கு அப்படி எஃப்.சி. வாங்கிய அம்பாசடர் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. பேப்பரில் எல்லாம் சரி. பிரேக் டிரம்மைக் கழற்றினால் பின்சக்கரம் இரண்டிலும் பிரேக் லைனிங் இரும்பு வரை தேய்ந்திருந்தது. அந்த வண்டியில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறார்கள்.

உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் போவது ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, ஒரே லைனில். எங்கே கசிந்தாலும் நான்கும் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடம் நின்ற வண்டியில் வீல் சிலிண்டருக்குள் துருப் பிடித்து, ரப்பர் உப்பி இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் மேலே கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சமாளிக்கிற வேலை வேண்டாம். நான்கு டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பழைய லைனிங் தூசியை ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ரப்பர்கள் புதிது, ஆயில் முழுக்கப் புதிது, பிறகு ஏர் எடுப்பது, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அப்புறம் ஆளில்லாத மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்துங்கள். ஒரு பக்கம் இழுத்தால் வேலை இன்னும் முடியவில்லை. ஹேண்ட் பிரேக்குக்கு நம் ஊர்க் குளத்துக்கரை ஏற்றமே போதும்: நியூட்ரலில் வண்டி நிற்க வேண்டும்.

அடுத்தது துரு. அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். தரைத்தகடு அரித்திருந்தால் வண்டியின் முதுகெலும்பே அரித்த மாதிரி. தார் பூசி மறைத்துத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மிதியடியைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்தால் சேஸிஸ் நம்பர் மேல் பட்டி அப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) அதைப் பென்சிலில் தேய்த்து எடுப்பார், ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

டயரில் பக்கவாட்டு வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். காட்டுகிற நாளுக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள். விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் முதல்நாள் இரவே பாருங்கள். கண்ணாடியில் கறுப்பு பிலிம் இருந்தால் உரித்துவிடுங்கள், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

புகைச் சான்றுக்கு ஷெட்டிலிருந்து நேரே போகாதீர்கள். வீரவநல்லூர் வரை ஒரு நடை போய்வந்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுக்க உள்ளே இருக்கும்போது சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் காலத்துப் பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம். சூடான வண்டி, சுத்தமான ஏர் ஃபில்டர், சரியாக டியூன் செய்த கார்புரேட்டர், இவை இருந்தால் அது எட்டும் அளவுதான்.

இனி விண்டேஜ். உங்கள் நண்பர் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார், ஆனால் பாதியைச் சொல்கிறார். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பாடியும் இன்ஜினும் பெரிதாக மாறாமல் பழைய உருவிலேயே உள்ள வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். உங்கள் வண்டிக்கு வயது ஆகிவிட்டது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை வழக்கமான ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குப் போவது, இவ்வளவுதான். ஆனித் தேரோட்டத்துக்குக் குடும்பத்தோடு நெல்லை வருவதோ, சாரலுக்குக் குற்றாலம் போவதோ அதில் சேராது. வாடகைக்கு விடுவது கூடவே கூடாது. ராலிக்கு மட்டும் வெளியே எடுக்கிறவருக்கு அது பொருந்தும். அப்பா ஓட்டிய வண்டியை நீங்களும் ஓட்ட ஆசைப்பட்டால் சாதாரணப் புதுப்பிப்புதான் உங்களுக்கு.

இன்னும் ஒன்று: எப்போதாவது பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைத்திருந்தால், அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் வண்டியைக் காட்டப் போகாதீர்கள். அப்படி இருந்தால் எழுதுங்கள், அதற்கு வேறு வழி சொல்ல வேண்டும். காட்டுகிற நாளில் நீங்களே ஓட்டிப் போங்கள், கையில் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆதார், கட்டண ரசீது. ஏதாவது குறை சொல்லித் திருப்பினால் என்ன குறை என்று எழுதி வாங்கிக்கொண்டு, சரிசெய்து மறுபடி காட்டுங்கள். வாசலில் அதே புரோக்கர் நின்றாலும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.