முதுகுப்பைக் கேள்விகள்: சுவர்ணபூமியிலிருந்து படுக்கை வரை

போன இதழில் பாங்காக் போய்வந்த கதையை எழுதியபோது, “சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் 45 பாட் செலவில் போய்ச் சேர்ந்தேன்” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதங்கள். புத்தர் கோயில்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை! ரயில்வே புக்கிங் கவுன்டரில் 30 வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். “இங்கிருந்து அங்கே போக எவ்வளவு?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? பாட் என்பது தாய்லாந்துப் பணம். ஒரு பாட் மூன்று ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம். உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், மிச்சத்துக்கு டீ குடிக்கலாம்.

நாங்கள் மூன்று நண்பர்கள், முதல் வெளிநாட்டுப் பயணம். விமானம் விடியற்காலை 5.40-க்கு சுவர்ணபூமியில் இறங்குகிறது. காவ் சான் சாலையில் 350 பாட்டுக்கு ஹாஸ்டல் படுக்கை பார்த்திருக்கிறோம். ரயிலா, டாக்ஸியா?
*கல்லூரி மாணவர், கோவை*

முதலில் ஒன்று. காவ் சானுக்கு ரயில் கிடையாது. மலிவு, மலிவு என்று எல்லோரும் அந்தத் தெருவைக் காட்டுகிறார்கள், இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது, உங்களுக்கு அவசரமே இல்லை. குடியேற்ற வரிசையில் நின்று, பை எடுத்து வெளியே வர ஆறரை, ஏழு ஆகிவிடும். ஹாஸ்டலில் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் படுக்கை தருவார்கள். அதற்கு முன் போனால் பையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் நிதானமாக இருங்கள். தூக்கக் கலக்கத்தில் “எப்படியாவது போய்ச் சேர்ந்தால் போதும்” என்று கிளம்புகிறவர்களிடம்தான் அங்கே கூடுதலாகக் காசு பிடுங்குகிறார்கள்.

நீங்கள் வெளியே வரும் தளம் இரண்டாவது. அங்கே “டாக்ஸி, டாக்ஸி” என்று பக்கத்தில் வந்து அழைப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் நகரும் படிக்கட்டில் முதல் தளத்துக்கு இறங்குங்கள். எட்டாம் வாசல் பக்கம் மேஜிக் ஃபுட் பாயின்ட் என்று ஒரு சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது. விமான நிலைய ஊழியர்கள் சீருடையோடு வந்து சாப்பிடும் இடம். கூப்பன் வாங்கிக்கொண்டு, பிடித்த கடையில் சோறும் முட்டையும் வாங்கலாம். மேல்தளங்களில் ஒரு காபிக்குக் கொடுக்கிற காசில் இங்கே வயிறு நிறைந்துவிடும். அப்புறம் இன்னும் கீழே, ‘பி’ தளத்துக்குப் போங்கள். ரயில் நிலைய வாசலுக்குப் பக்கத்தில் பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கும். வருகைத் தளத்து வங்கிக் கவுன்டர்களைவிட இங்கே நல்ல விலை கிடைக்கும்.

இனி வழி. முதல் தளத்தில் ஏழாம் வாசலருகே எஸ்1 என்ற பஸ், 60 பாட், நேராகக் காவ் சானில் கொண்டுபோய் விடும். மீட்டர் டாக்ஸி என்றால் விரைவுச்சாலைச் சுங்கம் எல்லாம் சேர்த்து 400, 450 பாட் அளவில் வரும். மூன்று பேர் பங்கிட்டால் தலைக்கு 150. பஸ்ஸோடு ஒப்பிட்டால் ஆளுக்கு 90 பாட் அதிகம், நம் காசில் 270 ரூபாய். காலை ஏழு மணிக்கு மேல் பாங்காக் நெரிசலில் பஸ்ஸும் டாக்ஸியும் ஒன்றாகத்தான் நிற்கும். நான் என்றால் பஸ்தான்.

ஆனால் உங்கள் வயதில் இருந்தால் மூன்றாவது வழியில் போயிருப்பேன். ‘பி’ தளத்திலிருந்து ஏர்போர்ட் ரயில் லிங்கில் கடைசி நிலையமான பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரம். 2010-ல் ஓடத் தொடங்கிய ரயில், மொத்தம் எட்டே நிலையங்கள். டிக்கெட்டுக்குப் பதில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டோக்கன் வரும். உள்ளே போகும்போது தொட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். புறப்படும் இடம் என்பதால் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். அடுத்தடுத்த நிலையங்களில் அலுவலகம் போகிற கூட்டம் நெருக்கிக்கொண்டு ஏறும், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பயா தாயில் தனி டிக்கெட் எடுத்து பி.டி.எஸ். மேம்பால ரயிலில் ஏறி, சயாம் நிலையத்தில் மாறி, சபான் தாக்சின் போங்கள். அதற்கு ஒரு 40 பாட் ஆகும். நிலையத்துக்குக் கீழேயே படகுத்துறை. அங்கே நீலக் கொடிச் சுற்றுலாப் படகுக்கு மேஜை போட்டு டிக்கெட் விற்பார்கள், அதற்கு விலை அதிகம். ஆரஞ்சுக் கொடிப் படகு என்று கேளுங்கள், 16 பாட். வாட் அருண் கோபுரத்தையும் அரண்மனைக் கூரைகளையும் சாவ் பிரயா ஆற்றிலிருந்தே பார்த்துக்கொண்டு ஃப்ரா ஆதித் துறையில் இறங்கினால் காவ் சான் நடக்கிற தூரம். பஸ்ஸைவிட 40 பாட் அதிகம்தான். ஆனால் ஊர் பார்க்கிற வேலை அப்போதே தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று: ‘காவ் சான்’ என்றால் அரிசி. ஒரு காலத்தில் அரிசிச் சந்தை இருந்த தெரு. இப்போது ராத்திரி இரண்டு மணி வரை பாட்டுச் சத்தம். தூங்க வேண்டும் என்றால் ஃப்ரா ஆதித் சாலைப் பக்கமோ ராம்புத்ரி சந்திலோ படுக்கை தேடுங்கள், ஐந்து நிமிட நடைதான்.

தனியாகப் போகிறேன். இரவு 11.30-க்கு பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்குகிறேன். ஊருக்குள் 280 பாட்டுக்கு ஒரு படுக்கை பதிவு செய்யலாமா?
*செவிலியர், நாகர்கோவில்*

வேண்டாம்மா. 2016-ல் இதையேதான் நான் செய்தேன். இரவு விமானம், 280 பாட் படுக்கை, “ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்” என்று போட்டிருந்தார்கள். அது மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. டாக்ஸிக்காரர் சந்து முனையில் இறக்கிவிட்டார். பையோடு உள்ளே நடந்து போனால் கதவு பூட்டியிருக்கிறது. வரவேற்பு மேஜை 11 மணி வரைதான் என்று ஒரு சீட்டு. தெருமுனையில் விடிய விடியத் திறந்திருக்கும் செவன் லெவன் கடை ஒன்று இருந்தது. அதன் வாசலில், எதிர்க் கட்டிடத்துக் காவலாளி கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். மீட்டரில் 300-க்கு மேல் போயிற்று, படுக்கைக் காசும் போயிற்று. அன்றிலிருந்து அறை வாடகையோடு வழிச்செலவையும் கூட்டிப் பார்க்காமல் எதையும் பதிவு செய்வதில்லை. 280-ஐயும் 300-ஐயும் கூட்டினால் 580. அந்த விலைக்கு ரயில் நிலையத்தை ஒட்டியே சுத்தமான இடம் கிடைத்திருக்கும்.

நீங்கள் வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். டான் முவாங்கிலிருந்து 2021-ல் வந்த சிவப்பு வழி ரயில் இருக்கிறது, 50 பாட்டுக்குக் காவ் சான் போகும் ஏ4 பஸ்ஸும் இருக்கிறது. அந்த நேரத்தில் இவற்றை நம்பி இறங்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்தே ஒரு நடைமேம்பாலம் பெரிய சாலையைத் தாண்டி ரயில்வே நிலையத்துப் பக்கம் போகிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் சிறு விடுதிகள் உண்டு. வரவேற்பு மேஜை 24 மணி நேரமும் இயங்குமா என்று எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். காலையில் குளித்து, சாப்பிட்டு, 20 வயதுப் பெண் மாதிரி ஊருக்குள் போகலாம்.

எனக்கு 67, மனைவிக்கு 63. இருவருக்கும் முழங்கால் வலி. டாக்ஸியில் போனால் ஏமாற்றிவிடுவார்களோ?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

சுவர்ணபூமியில் ஏமாறாமல் இருக்க வழி இருக்கிறது. முதல் தளத்தில் வெளியே இயந்திரங்கள் நிற்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், அதில் தடத்தின் எண் இருக்கும். அந்த எண் போட்ட இடத்தில் நிற்கும் டாக்ஸிதான் உங்களுடையது. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், பெரிய வண்டி என்றால் 40. அதன்மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட். விரைவுச்சாலைச் சுங்கமும் உங்கள் பொறுப்பு, அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள், ஏதாவது தகராறு என்றால் அதுதான் சாட்சி. “மீட்டர் வேண்டாம், 700 கொடுங்கள்” என்று ஆரம்பித்தால் ஏறாமலே திரும்பி இன்னொரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். தங்குமிடத்தின் பெயரைத் தாய் எழுத்தில் போனில் படமாக வைத்திருங்கள். நாம் ‘சுவர்ணபூமி’ என்கிறோம், அவர்களோ ‘சுவன்னபூம்’ என்கிறார்கள். மற்ற பெயர்கள் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

பைசா மிச்சம் பிடிக்கும் ஜாதி நாங்கள். ஆனாலும் முழங்காலை அடகு வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம் சார்.

தாய்லாந்துக்கு வருகை அட்டை கட்டாயமாமே? ஒரு இணையதளம் நாலாயிரம் ரூபாய் கேட்கிறது.
*வாசகர், சேலம்*

2025 மே மாதத்திலிருந்து கட்டாயம். ஆனால் தாய்லாந்துக் குடியேற்றத் துறையின் சொந்தத் தளத்தில் இலவசம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். தங்குமிடத்தின் முகவரி கேட்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலாயிரத்துக்கு நல்ல செருப்பு வாங்குங்கள்.

நாங்கள் சைவம். கோயிலுக்குப் பக்கத்தில், ரயில் வசதியோடு தங்க இடம் உண்டா?
*வாசகி, மதுரை*

சிலோம் சாலையும் பான் சாலையும் சேரும் இடத்தில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. ‘வாட் கேக்’ என்று சொன்னால் டாக்ஸிக்காரருக்குப் புரியும். தாய்க்காரர்களும் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். நமக்கு முன்னால் அவர்கள்தான் நிற்பார்கள்! பி.டி.எஸ். நிலையங்களில் சுராசக் நடக்கிற தூரம். பயா தாயிலிருந்து வந்தால் சயாமில் ஒரே மாற்றம். அந்த வட்டாரத்தில் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. மற்ற இடங்களில் மஞ்சள் பின்னணியில் சிவப்பாக ‘ஜே’ என்ற தாய் எழுத்து போட்ட கடையைத் தேடுங்கள். மீன் சாறுகூடச் சேர்க்காத சமையல். பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள், அதற்கு ஏங்கினால் நான் பொறுப்பல்ல.

சுகும்வித் சாலையில் சோய் 38-ல் அறை போட்டிருக்கிறோம். சோய் 37-க்கு எதிரே இறங்கினால் சரியாக இருக்குமா?
*புதுமணத் தம்பதி, திருச்சி*

நல்ல வேளை கேட்டீர்கள். சோய் என்றால் பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்து. ஒருபக்கம் ஒற்றைப்படை எண், மறுபக்கம் இரட்டைப்படை எண். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சந்துகள் இல்லை. அதனால் போகப் போக எண்கள் விலகிக்கொண்டே போகும். சோய் 38-க்கு எதிரே இருப்பது சோய் 55! இறங்க வேண்டிய பி.டி.எஸ். நிலையம் தோங் லோ. நிலையத்துக்குள்ளேயே வாசல் பலகையில் எந்தப் பக்கம் எந்தச் சோய் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தவறான பக்கம் இறங்கிவிட்டால் சாலையைக் குறுக்கே கடக்கப் பார்க்காதீர்கள். திரும்ப நிலையத்தின் படியேறி அந்தப் பக்கம் போய்விடலாம், அதற்கு டிக்கெட் கேட்க மாட்டார்கள்.