இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்க ‘கோல்டன் ஹவர்’தான் நல்லது என்கிறார்களே, அது என்ன?

சூரியன் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும் காலை, மாலை நேரம்தான் அது. அப்போது வெளிச்சம் சாய்வாக வருவதால் காற்றுமண்டலத்தில் அதிக தூரம் கடக்க வேண்டியிருக்கிறது, வழியிலேயே நீலம் பெரும்பாலும் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. ஆனால் நிறத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நிழல். சுவருக்கு நேராக டார்ச் அடித்தால் சுவர் வழவழவென்று தெரியும். அதே டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு மேடுபள்ளமும் துருத்திக்கொண்டு நிற்கும். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரிந்த மலை சாயங்காலம் மடிப்பு மடிப்பாகத் தெரிவதும் இதனால்தான். (சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் ஒளிந்துகொள்ளும், பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள்.)

அப்புறம், ‘ஹவர்’ என்றதும் சரியாக ஒரு மணி நேரம் என்று நினைத்துவிட வேண்டாம். நிலநடுக்கோட்டுப் பக்கம் சட்டென்று முடிந்துவிடும், துருவங்களை நோக்கிப் போகப் போக நீளும்.