கேளுங்கள், சொல்கிறோம்: பந்தல் போடுவது முதல் பனை நடுவது வரை

தெருக்காரர்கள் சேர்ந்து செய்யும் பொதுக்காரியங்கள் பற்றி மதுரை வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தந்தப் பணியில் பழகியவர்கள் தரும் பதில்கள்.

தல்லாகுளம் வாசகர்: சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும்போது எங்கள் தெரு சார்பில் நீர்மோர்ப் பந்தல் போட முடிவு செய்திருக்கிறோம். ஆயிரம் பேருக்கு என்ன அளவு? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முதலில் நேரத்தைப் பாருங்கள். மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்து, புதூர் வழியாக அழகர் தல்லாகுளம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் விடியலில் ஆற்றில் இறங்குகிறார். ஆக உங்கள் பகுதியில் கூட்டம் நெரிவது மாலையிலும் நள்ளிரவுக்குப் பிறகும்தான். இரவு ஒரு மணிக்கு மோரை நீட்டினால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். பகலுக்கு மோர், இரவுக்குப் பானகமோ சுக்குமல்லிக் காப்பியோ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

டம்ளருக்கு 200 மில்லி என்றால் ஆயிரம் டம்ளருக்கு 200 லிட்டர். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்தால் குடிக்கப் பதமாக இருக்கும். 40 லிட்டர் தயிர், 160 லிட்டர் தண்ணீர். அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. உப்பு 800 கிராமில் தொடங்கி, ருசி பார்த்து ஒரு கிலோ வரை போகலாம். இஞ்சி ஒரு கிலோ, பச்சை மிளகாய் அரைக் கிலோ, பெருங்காயத்தூள் 50 கிராம், கொத்தமல்லி, கறிவேப்பிலை தாராளமாக. இஞ்சி மிளகாயை அரைத்துத் துணியில் வடிகட்டிச் சாறு மட்டும் சேருங்கள். சக்கை கிடந்தால் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கும். பானகத்துக்கு ஒரு கிலோ வெல்லத்துக்கு 5 லிட்டர் தண்ணீர், சுக்கு, ஏலக்காய். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் விட்டால் அடியில் மண் தங்கும்.

காலையிலேயே 200 லிட்டரையும் கலந்து வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் மோர் புளித்துப் பொங்கிவிடும். தயிரைக் குளிரில் வைத்துக்கொண்டு 20, 25 லிட்டராகக் கலந்து தீர்த்தபின் அடுத்தது கலக்குங்கள். ஐஸ் கட்டியை மோருக்குள் போடாதீர்கள். மீனுக்கும் தொழிற்சாலைக்கும் போகும் ஐஸ் கட்டி குடிநீரில் செய்ததல்ல. அதில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. ஆனாலும் வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்ல ஐஸ் என்று நம்பிவிட முடியாது. பெரிய அண்டாவில் ஐஸைப் போட்டு, அதற்குள் மோர் இருக்கும் சின்ன அண்டாவை இறக்கி வையுங்கள். மண்பானை கிடைத்தால் ஐஸே தேவையில்லை.

பிளாஸ்டிக் டம்ளர் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பேப்பர் கப் பரவாயில்லை என்று வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப்பும் தட்டும், தண்ணீர் பாக்கெட்டும்கூட 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 150 எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்துக் கழுவிக் கழுவிக் கொடுங்கள். கழுவ, டம்ளருக்கு அரை லிட்டர் வீதம் 500 லிட்டர் தண்ணீர் தனியாக வேண்டும். கழுவ நாலு பேரை மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும். ஊற்றிக் கொடுக்க ஆள் குவியும், கழுவத்தான் ஆள் வராது. கழுவுகிறவர்கள் பட்டியலை முதலில் எழுதிவிட்டுப் பந்தக்கால் நடுங்கள். பொங்கலோ சுண்டலோ கொடுப்பதானால் மந்தாரை இலைத் தொன்னை போதும்.

அனுமதி மூன்று இடத்தில். சாலையோரப் பந்தலுக்கு உங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகம், அப்புறம் காவல் நிலையம். சாப்பாடு, மோர், பானகம் எது கொடுத்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. இதையெல்லாம் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கினால் நடக்காது, பங்குனியிலேயே எழுதிக் கொடுங்கள். உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியானால் குறைந்தது 3 வேலை நாள் முன்னதாக மாநகராட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பது அமைப்பாளர் பொறுப்பு என்று திடக்கழிவு விதியே சொல்கிறது. தயிரை அரை லிட்டர் பாக்கெட்டாக வாங்கினால் அதுவே 80 பிளாஸ்டிக் உறை. அலசிக் காயவைத்து உலர் குப்பையில் கொடுங்கள்.

பந்தலுக்குத் தார்ச்சாலையைத் தோண்டாதீர்கள், மண் நிரப்பிய தகர டின்னில் கழி நட்டால் போதும். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது குற்றம் மட்டுமில்லை. கீழே மோரும் தண்ணீரும் சிந்திக் கிடக்கும் இடத்தில் அது உயிருக்கு உலை. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கி, மின்கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கரைப் பொருத்துங்கள். ஒலிபெருக்கிக்கும் காவல் துறை அனுமதி தனியாக வேண்டும்.

செல்லூர் வாசகி: எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் ரத்ததான முகாம். 200 யூனிட் எடுத்துச் சாதனை செய்ய வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். முடியுமா?

முடியலாம். ஆனால் தேவையா என்று கேளுங்கள். சிவப்பணுக்களைப் பக்குவப்படுத்தி வைத்தாலும் 35 முதல் 42 நாள், தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். ஒரே நாளில் 200 குவித்துவிட்டு வருஷம் முழுக்கச் சும்மா இருப்பதைவிட, ஐம்பது ஐம்பதாக நாலு முறை கொடுப்பது எவ்வளவோ மேல். கல்லூரி விடுமுறையில் முகாம்கள் குறைந்துபோகும் மே மாதத்தில் ஒன்று வையுங்கள்.

உரிமம் உள்ள ரத்த மையம்தான் ரத்தம் எடுக்க முடியும். அரசு ராஜாஜி மருத்துவமனை ரத்த மையத்திலோ வேறு உரிமம் பெற்ற மையத்திலோ குறைந்தது ஒரு மாதம் முன்பே தேதி கேளுங்கள். எவ்வளவு எடுக்க முடியும் என்பதை அவர்களிடம் உள்ள பையும் ஆளும்தான் தீர்மானிக்கும், உங்கள் போஸ்டர் அல்ல.

தகுதியை முன்பே அச்சடித்துக் கொடுத்தால் முகாமன்று மனத்தாங்கல் வராது. வயது 18 முதல் 65. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்குக் குறைந்தது 12.5 கிராம். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை. பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாதவர்கள் காத்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைவு என்று திரும்புகிறவர்களில் பெண்கள் அதிகம். அவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல், அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். முகாமின் பாதிப் பயன் அதில் இருக்கிறது.

மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். அதனால் விரத நாளில் முகாம் வேண்டாம். வந்தவுடன் அரை லிட்டர் தண்ணீர், ரத்தம் கொடுத்தபின் கால் மணி நேரம் உட்காரவைத்து ஜூஸ், பிஸ்கட். மாடிப்படி ஏறும் மண்டபத்தைத் தவிருங்கள். ரத்தத்துக்குப் பணம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் தடை. மிக்ஸி, குக்கர் என்று குலுக்கல் வைப்பதும் நல்லதல்ல. பரிசுக்காக வருகிறவர் நோயை மறைப்பார்.

மாட்டுத்தாவணிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்: நாட்டு நலப்பணித் திட்டத்தில் சான்றிதழ் வாங்க எத்தனை மணி நேரம்? தெருவில் செய்யும் வேலை சேருமா?

இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஆண்டுக்கு 120. கூடவே 7 நாள் சிறப்பு முகாம் ஒன்று. தெரு வேலை சேரும், ஆனால் உங்கள் திட்ட அலுவலர் முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்தபின் போட்டோவைக் காட்டி மணி நேரம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

மேலூர் வட்ட வாசகர்: எங்கள் ஊர்க் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். 40 பேர் திரண்டு ஞாயிற்றுக்கிழமை வெட்டலாம் என்றிருக்கிறோம்.

வெட்டாதீர்கள், இப்போதைக்கு. கண்மாய்க்குள் நிற்கும் மரம் அரசுச் சொத்து. விலை மதிப்பிட்டு ஏலம் விட்டுத்தான் எடுப்பார்கள். நல்ல எண்ணத்தில் வெட்டி விறகைக் கரையில் போட்டாலும், நாளைக்கு யாராவது மனு கொடுத்தால் உங்கள் பெயர்தான் முதலில் வரும்.

கண்மாய் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணையும் புலப்படத்தையும் பார்த்து எழுதிக்கொண்டு, கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு சபை நடக்கிறது. மார்ச்சில் தீர்மானம் போட்டால் கண்மாய் வறண்டு கிடக்கும் கோடையில் வேலை நடத்தலாம். தீர்மான நகலோடு கொடுக்கும் மனுவுக்கும் வெறும் மனுவுக்கும் அலுவலகத்தில் உள்ள மதிப்பே வேறு.

இனி வேலை. அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும், ஏனென்றால் தளிர்மொட்டு வேர்க்கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஓரடி ஆழம் தோண்டி வேர்க்கழுத்தோடு எடுத்தால்தான் சாகும். மணிக்கட்டுத் தடிமன் வரை கடப்பாரைக்கு மசியும். அதற்கு மேல் பொக்லைன் வேலை, அதை ஒன்றியத்திடம் விட்டுவிடுங்கள். கரையில் நிற்கும் பெரிய மரத்தை மட்டும் வேரோடு பிடுங்கவே கூடாது. அந்தப் பள்ளம் வழியாகக் கரை கசியும், பெருவெள்ளத்தில் உடைப்பெடுக்கும். எடுத்தே ஆக வேண்டுமானால் அன்றைக்கே மண் நிரப்பித் திம்சு போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

உங்கள் 40 பேருக்கு ஏற்ற வேலை பொக்லைன் போனபிறகு வருகிறது. ஆடு மாடு தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து கிடக்கும், முதல் மழைக்குக் கீரைப்பாத்தி மாதிரி முளைக்கும். ஈரத்தில் கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். ஒரு மாதம் விட்டால் வராது. அந்த மழைக்காலத்தில் மூன்று தடவை, அடுத்த வருஷம் இரண்டு தடவை பிடுங்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் லட்சக்கணக்கில் செலவழித்துச் சுத்தம் செய்த கண்மாய்கள் மூன்றே வருஷத்தில் பழையபடி முள்காடாகின்றன. அதோடு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் மடைவாயையும் பாருங்கள். உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தாலும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் தண்ணீர் வந்து சேராது.

செருப்புக் காலோடு யாரையும் இறக்காதீர்கள், ரப்பரைத் துளைத்துக்கொண்டு முள் ஏறும். தடித்த அடி உள்ள ஷூ, தோல் கையுறை, டெட்டனஸ் ஊசி போட்டவர்களா என்ற விசாரிப்பு மூன்றும் கட்டாயம். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையவிடாமல் 108-ஐ அழையுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: போன வருஷம் கண்மாய்க் கரையில் ஆயிரம் பனை விதை நட்டோம். இப்போது போய்ப் பார்த்தால் ஒன்றையும் காணோம்.

இருக்கலாம், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல். முதல் வருஷப் பனை ஒற்றை இலையோடு கோரைப்புல் போலத்தான் இருக்கும். முளை முதலில் கீழ்நோக்கிப் போய்க் கிழங்கு கட்டிய பிறகே மேலே இலை விடும். குனிந்து தேடுங்கள்.

அப்படியும் இல்லையென்றால் ஆடு, கிழங்கு தோண்டியவர்கள், கரை சீரமைத்த இயந்திரம், காய்ந்த விதை என்று நாலில் ஒன்று காரணமாக இருக்கும். பழுத்து விழுந்த பழத்திலிருந்து எடுத்த புது விதையாகப் பார்த்து, ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள், அரையடி ஆழத்தில், 10 அடி இடைவெளியில் நடுங்கள். நட்ட இடத்தைத் துறைக்கு எழுத்தில் தெரிவித்தால் பொக்லைன்காரர் விலகிப் போக வாய்ப்புண்டு. முளைத்ததைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது அநேகமாக வீண். வேர் அறுந்தால் பிழைக்காது. ஆயிரம் என்ற எண்ணைவிட, ஆடு மேய்ப்பவர்களோடு பேசி நூறைக் காப்பது நல்லது.

நாகமலைப் புதுக்கோட்டை வாசகர்: கீழக்குயில்குடி சமணர் மலையில் துப்புரவுப் பணி செய்யலாமா? கல்வெட்டு எழுத்துகள் மங்கிவிட்டன, சுண்ணாம்பு தடவித் தெளிவாக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

அடிவாரத்திலும் படியோரத்திலும் கிடக்கும் பாட்டில், பிளாஸ்டிக் பொறுக்கலாம், தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டு. பாறையைத் தொட வேண்டாம். சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ணெய், சோப்புத் தண்ணீர், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. ஆயிரம் வருஷம் நின்ற வட்டெழுத்தை, அந்தக் காலத் தமிழ் எழுத்தை, கம்பி பிரஷ் ஒரு மணி நேரத்தில் தேய்த்துவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை. காதலர் பெயர் கிறுக்கியதை அழிக்கிறேன் என்று பெயிண்ட் தின்னரோடு ஏறுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

ஆரப்பாளையம் வாசகர்: வசூல் செய்தால் சங்கம் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

ஒரு நாள் பந்தலுக்குத் தெருக்காரர்களிடம் வாங்கும் பணத்துக்காகப் பதிவுக்கு ஓட வேண்டாம். வருஷம் முழுக்க வேலை, வங்கிக் கணக்கு, வெளியார் நன்கொடை என்று வளர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதியுங்கள். குறைந்தது 7 பேர் வேண்டும். வரிச்சலுகை கேட்கும் நன்கொடையாளர் இருந்தால் அதற்கான வருமான வரித் துறை அங்கீகாரத்தை (80ஜி என்பார்கள்) தனியாக வாங்க வேண்டும். அதிலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்குச் சலுகை கிடையாது.

பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், இரண்டு பேர் கையெழுத்து, பந்தல் பிரித்து மூன்று நாளுக்குள் வரவுசெலவு நோட்டீஸ். பில் கிடைக்காத செலவுக்கு, வாங்கியவர் கையெழுத்தோடு வெள்ளைத்தாளில் வவுச்சர் எழுதிக்கொள்ளுங்கள். மீதிப் பணம் யாரிடம், எவ்வளவு இருக்கிறது என்பதையும் அதே நோட்டீஸில் போட்டுவிடுங்கள்.