அனிமே பாணியில் பச்சை குத்தும் கலைஞராக உங்களுக்கு ஊக்கம் அளித்தவை எவை? இதை முழுநேரத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

சென்னையில் டாட்டூ கலைஞராகப் பணிபுரிகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய அசைவூட்டப் படங்களான அனிமேயின் பாத்திரம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள்.

எனக்கு ஊக்கமாக அமைந்தது திரையில் ஓடும் வண்ண அனிமே அன்று. அதற்கு மூலமான மங்கா என்ற கறுப்பு வெள்ளை ஜப்பானியச் சித்திரக்கதைதான். கென்டாரோ மியூரா 1989 முதல் 2021இல் மறையும்வரை வரைந்த 'பெர்செர்க்' பக்கங்களில், கவசத்தின் மடிப்புகளும் இரவின் ஆழமும் நெருக்கமான கோடுகளாலேயே எழும்பி நிற்கும். அகிரா தோரியாமா இதற்கு நேரெதிர். 'டிராகன் பால்' மங்காவில் நாயகன் கோக்கு சூப்பர் சையன் என்ற பேராற்றல் வடிவுக்கு மாறும்போது தலைமுடி வெறும் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். கறுப்பு மை நிரப்பும் வேலை குறையும் என்பதும் அதற்கொரு காரணம் என்று தோரியாமாவே சொல்லியிருக்கிறார். சோம்பலிலிருந்து பிறந்த உத்தி என்றாலும், எங்கே மை படக்கூடாது என்பதை எனக்கு அதைவிடத் தெளிவாக வேறெதுவும் கற்பிக்கவில்லை.

இன்னும் பின்னோக்கிப் போனால், ஜப்பானிய ஓவியர் உதாகவா குனியோஷி 1827 அளவில் வெளியிடத் தொடங்கிய, 'சுய்கோடென்' என்ற சீனப் பழங்கதையின் வீரர்களின் அச்சுப் படங்களில் உடல் முழுவதும் பச்சை குத்திய நாயகர்களைக் காணலாம். கதை நாயகனைத் தோலில் ஏந்தும் ஆசை ஜப்பானில் அனிமேவுக்கு வெகுகாலம் முந்தையது. அதே நாட்டில் 1872 முதல் 1948 வரை பச்சை குத்துதல் தடைசெய்யப்பட்டிருந்தது. அது மருத்துவச் செயல் ஆகாது, எனவே மருத்துவர் உரிமம் தேவையில்லை என்பது 2020இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

தாளில் கற்றதைத் தோலுக்குக் கொண்டுவரும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மை தங்குவது தோலின் இரண்டாம் அடுக்கில். நிறமி நிறைந்த மேலடுக்கு அதன்மேல் படிந்திருக்கிறது. ஆகவே நம் மாநிறத் தோலில் வெளிர் மஞ்சளும் இளநீலமும் ஆறியபின் மங்கித் தெரியும். ஆழ்ந்த கறுப்பும் அடர்சிவப்பும் நின்று பேசும். அனிமே முகத்தின் உயிரான கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளிக்கு வெள்ளை மையைப் பலரும் கேட்கிறார்கள். அது நாளடைவில் மங்கிவிடும் என்பதால், நான் அந்தப் புள்ளியைத் தொடாமல் விட்டு, சுற்றியுள்ள கறுப்பை அடர்த்தியாக்குகிறேன். கோடுகள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே அகலும். ஒரு ரூபாய் நாணய அளவில் முழு முகத்தைக் கேட்பவரிடம், படத்தைப் பெரிதாக்குங்கள் அல்லது வேறு படம் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிடுவேன். கோலத்தில் இழையை நடுவே நிறுத்தித் தொடர்ந்தால் தெரிந்துவிடுவதைப் போல, கோடு வரையும் லைனர் ஊசி தயங்கிய இடமும் தோலில் தெரியும் என்பதால், செயற்கைத் தோலில் நீண்ட கோடுகளைப் பழகாமல் மனிதத் தோலைத் தொடக்கூடாது.

தொழிலாகக் கொள்ள முடியும். ஆனால் தொடக்க ஆண்டுகளில் வாடகையைக் கட்டுவது நருட்டோ போன்ற அனிமே நாயகனாக இருக்காது. காதலியின் பெயர், அம்மாவின் பெயர், மணிக்கட்டில் ஒரு சிறு இறகு ஆகியவைதான். அவற்றை அலட்சியம் செய்யாதவரிடமே அதே வாடிக்கையாளர் நண்பரை அழைத்துக்கொண்டு மீண்டும் வருகிறார். கூட்டம் கேட்கும் பாத்திரம் புதிய தொடர்களுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் கேட்கப்படுவனவும் உண்டு. 'ஒன் பீஸ்' தொடரில் வரும் ஏஸ் என்ற பாத்திரத்தின் இடக்கையில் ஏ, எஸ், சி, இ என்ற எழுத்துகளில் எஸ் மட்டும் குறுக்கே அடிக்கப்பட்டிருக்கும். இறந்துவிட்டதாக அவன் நம்பிய சகோதரன் சாபோவுக்கான குறி அது. அண்ணனை இழந்த ஓர் இளைஞர் அதே இடத்தில் அதே குறியைக் கேட்டபோது, என் சொந்த வடிவமைப்பு எதையும் நான் முன்வைக்கவில்லை.

மற்றபடி, பாத்திரத்தை அப்படியே நகலெடுக்காமல், உடலின் வளைவுக்கு ஏற்ப மறுபடி வரையக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களைத் தேடி வர வைப்பது அந்த மறுவரைவுதான். இராணுவம், காவல் போன்ற பணிகளுக்குப் படிப்பவர் வந்தால், பச்சை குத்துவது குறித்த அந்தத் தேர்வின் விதியைப் பார்த்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்புங்கள். அன்றைய வருமானம் போனாலும் பரவாயில்லை.